பிடியரிசி

ஆச்சி இறந்தது 1984 நவம்பரில். அடக்க ஆராதனையில் ஐயர் அவளைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. 'குடும்பத்துக்காகவும் திருச்சபைக்காகவும் தன்னை முற்றிலும் ஒப்புக்கொடுத்த தாயார்' என்றார். ஐயர் நல்ல மனிதர். வாக்கியமும் பொய்யல்ல. அதற்கு முந்தின மாதம் அடக்கம் பண்ணிய கிழவியைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருப்பார். அடுத்த மாதத்துக் கிழவிக்கும் இது காத்திருந்திருக்கும். புழங்கித் தேய்ந்த காசு செல்லாக் காசாகிவிடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். என் தொந்தரவு, அந்த வாக்கியத்தில் இரண்டு தடவை வருகிற 'உம்' பற்றியது. குடும்பத்துக்காகவும் திருச்சபைக்காகவும். எவ்வளவு சுலபமாக இரண்டையும் ஒரே மூச்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட முடிகிறது! ஆச்சியின் வீட்டில் இரண்டும் ஒரே பானையில் கைவிட்டன. ஒன்று எடுத்தால் மற்றதற்குக் குறைந்தது. அந்தக் குறைவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் நாற்பது வருஷம் ஒரு சண்டை நடந்தது. சத்தமில்லாத சண்டை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

தமிழில் பாட்டிகளைப் பற்றி எழுதுவது ஆபத்தான காரியம். வாரப் பத்திரிகைகள் அந்த இடத்தை வெகு காலத்துக்கு முன்பே ஆக்கிரமித்துவிட்டன. வெற்றிலைச் செல்லம், சுருக்குப் பை, நிலா வெளிச்சத்தில் கதை, கடைசியில் ஒரு சொட்டுக் கண்ணீர். என் ஆச்சி வெற்றிலை போடமாட்டாள். கதை சொல்லத் தெரியாது. சுருக்குப் பை இருந்தது. அதில் காசு இருந்து நான் பார்த்ததில்லை. அன்பாகப் பேசுவாள் என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அன்பைப் பேச்சில் செலவழிப்பதில்லை. 'திங்கியா?' என்று கேட்பாள். அவ்வளவுதான்.

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் செம்மணல் தேரி கிடக்கிறது. ஆனி ஆடிக் காற்றில் மணல் எழுந்து இடம் மாறும். நேற்றிருந்த மேடு இன்று பத்தடி தள்ளி இருக்கும். அந்த மணலின் ஓரத்தில் பனைகளுக்கு நடுவே எங்கள் ஊர். இந்த வட்டாரத்துக்குப் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் வந்து சேர்ந்தார்கள். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் தேரிப் பக்கத்து மணலில் கிணறு வெட்டி, மரம் வைத்து, தூரத்திலிருந்தே தெரிகிற கோபுரத்தோடு கோயில் கட்டினார். தெற்கே இடையன்குடியில் கால்டுவெல். இதைப் படிக்கிற நண்பர்களுக்குக் கால்டுவெல் என்றால் 1856இல் வந்த ஒப்பிலக்கணம். ஆச்சிக்கு அவர் ஒரு கோயில் கட்டின ஐயர், அவ்வளவே. திராவிட மொழிக் குடும்பத்தைப் பற்றி அவளிடம் சொல்லிப்பார்த்திருக்கிறேன். 'அந்த வெயில்ல கெடந்து இதுக்கும் அவருக்கு நேரம் இருந்துதா?' என்றாள். ஒரு புத்தகத்தைப் பற்றி இதைவிட மரியாதையான கேள்வியை நான் கேட்டதில்லை.

தாத்தா பனையேறி. மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். பாளை சீவினால் சொட்டும் பதனியைப் பிடிக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைப்பார்கள். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கும் பதனிக்கும், அதாவது எங்கள் ஊரில் பாவத்துக்கும் பிழைப்புக்கும், நடுவே இருந்தது அந்தச் சுண்ணாம்புதான். ஆண்களின் வேலை மரத்தோடு முடிந்துவிடும். இறக்கின பதனியை விடிலியில் காய்ச்சுவது பெண்களின் வேலை. விடிலி என்பது ஓலைக் குடிசை, உள்ளே அடுப்பு, வெளியே தேரி வெயில். உடைமுள்ளும் பனை மட்டையும் எரித்து, பன்னாடையில் வடிகட்டின பதனியைப் பானையில் ஊற்றி, மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை இடித்து ஒரு சிட்டிகை போட்டால் அடங்கும். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறினால் கருப்பட்டி. பதம் தப்பினால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கருப்பட்டியும் எங்களுக்குச் சொந்தமில்லை. உடன்குடிச் சந்தைக்குப் போகும் வியாபாரி மாசிக்கு முன்பே முன்பணம் கொடுத்திருப்பார். விலை அவர் சொல்வது.

ஆச்சியின் கைகள் பெரியவை. இதை நான் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன், பின்னால் இது தேவைப்படும். ஆண்பிள்ளைக் கை போல அகலமான உள்ளங்கை, கணுப்பெருத்த விரல்கள், பாகு தெறித்த இடங்களில் வெளுத்த தழும்புகள். நான் சிறுவனாக இருந்தபோது என் இரண்டு கைகளும் அவளுடைய ஒரு கைக்குள் அடங்கின.

பிடியரிசி என்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று வைத்திருக்கிற ஓலைக் கொட்டானில் போட வேண்டும். அளந்த பிறகுதான் எடுக்க வேண்டும், அளக்கும் முன்பு அல்ல. இந்த வித்தியாசம் முக்கியம். அரிசிப் பானையிலிருந்து எடுத்தால் அது சேமிப்பிலிருந்து கொடுப்பது. அளந்ததிலிருந்து எடுத்தால் அன்றைய சாப்பாட்டிலிருந்து கொடுப்பது. யார் கண்டுபிடித்த வழக்கமோ, மனித சுபாவத்தை நன்றாக அறிந்த யாரோ ஒருவர் அல்லது ஒருத்தி என்பதில் சந்தேகமில்லை. காசாகக் காணிக்கை போட முடியாத வீட்டிலும் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் ஒரு பிடி வரும். இப்படிப் பிடி பிடியாகச் சேர்த்தவர்கள்தான் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தங்கள் செலவிலேயே தெலுங்கு தேசத்துக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். தேரிக்காட்டு வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தோர்ணக்கல்லுக்குப் போய் 1912இல் அங்கே பேராயரானார், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். ஆச்சி தன் பிடியரிசி அத்தனையும் தெலுங்கு தேசத்துக்குத்தான் போகிறது என்று நம்பினாள். எங்கள் ஊர்க் கணக்கு நோட்டைப் பிற்பாடு நான் பார்த்திருக்கிறேன். விளக்கெண்ணெய், உபதேசியார் சம்பளம், கூரைக்கு ஓலை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. தெலுங்கு தேசம் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. பார்த்திராத ஊரில் பசித்திருக்கும் யாரோ ஒருவருக்கு எங்கள் வீட்டு அரிசி போய்ச் சேர்கிறது என்ற எண்ணம் அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்கு அது புரிகிறது. பார்த்திராத வாசகனை நம்பி முந்நூறு பிரதி அச்சடிக்கிறவர்கள் நாம்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டான்கள் எல்லாம் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். முட்டை, சேவல், முருங்கைக்காய், கருப்பட்டி, எல்லா வீட்டுப் பிடியரிசியும் கொட்டிக் கலந்த ஒரு குவியல். சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும். அதனால் அரிசி வாங்க முடியாதவர்கள்தான் அதை ஏலம் எடுக்கக் காத்திருப்பார்கள். கஷ்டமான வாரங்களில் தாத்தா போய் நிற்பார். எங்கள் பானையிலிருந்து போன அரிசியை எங்கள் காசைக் கொடுத்தே திருப்பி வாங்கி வருவார். இந்தப் பொருளாதாரத்தைப் பற்றி என் அப்பா ஒரு மார்க்சிஸ்டின் கசப்போடு பேசுவார், அவர் மார்க்சிஸ்ட் அல்ல. அந்த அரிசியில் இன்னொரு கஷ்டம். பல வீட்டு அரிசி. புழுங்கல், பச்சை, சம்பா, பழசு, புதுசு. எல்லாம் ஒன்றாக உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். பற்களுக்கிடையில் அது தனியாகத் தெரியும். கோயில் அரிசிச் சோறு என்று சின்ன வயதில் நாங்கள் முகம் சுளிப்போம். ஆச்சி அதை ருசித்துச் சாப்பிட்டாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எப்போதும் போலத்தான் சாப்பிட்டாள்.

இனி 1943. நான் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய அத்தை சொன்னது. அப்பா இதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசினதில்லை.

1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. தென்கோடி மக்கள் எவ்வளவுக்கு அந்த அரிசியை நம்பி இருந்தார்கள் என்பது அது நின்ற பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. எங்கள் ஊரில் அதற்கு முன்பும் தினசரி அரிசிச் சோறு கிடையாது. வாரத்தில் மூன்று நாள் அரிசி, மற்ற நாட்களில் கம்பு. அந்த வருஷம் அரிசி வாரத்தில் ஒரு நாளாயிற்று, பிறகு கம்பும் விலை ஏறியது. பனங்கிழங்கு தின்றார்கள். வீட்டில் நாலு பிள்ளைகள். மூத்தவர் அப்பா. அடுத்து அத்தை, அப்போது பதினொரு வயது. கடைசியில் நாலு வயதுப் பையன், உயிரோடு இருந்திருந்தால் எனக்குச் சின்னச் சித்தப்பா. அந்த வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வந்து ஏழாம் நாள் போய்விட்டான். கோயில் அடக்கப் பதிவேட்டில் மரணத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்றிருக்கிறது. என்ன காய்ச்சல் என்று யாரும் எழுதவில்லை. பசி என்றும் யாரும் எழுதவில்லை.

அத்தையின் வழக்கு இது: அந்த மாதங்களிலும் ஆச்சி பிடி எடுப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்கு மூன்று உழக்கு அளந்த இடத்தில் இரண்டு உழக்கு அளந்தாள். கம்பானால் கம்பு. ஆனால் அளந்ததும் கை உள்ளே போயிற்று, ஒரு பிடி கொட்டானுக்கு வந்தது. பையன் படுக்கையில் கிடந்த ஏழு நாளும் எடுத்தாள். இறந்த அன்று அடுப்பு எரியவில்லை. மறுநாள் எடுத்தாள். 'வீட்டு உழக்கு கொறஞ்சுது, கோயில் பிடி கொறையல' என்பாள் அத்தை. இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஆச்சி இல்லாத நேரம் பார்த்துச் சொல்வாள். ஆனால் ஆச்சிக்குக் கேட்கிற தூரத்தில் சொல்வாள்.

இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அத்தை கோயிலை வெறுத்தவள் அல்ல. ஞாயிறு தவறாமல் போனாள், பாடினாள், நற்கருணை எடுத்தாள். கல்யாணமாகித் தன் வீட்டில் பானை வைத்த நாளிலிருந்து பிடியரிசி மட்டும் எடுக்கவில்லை. பெண்கள் சங்கத்துக்காரர்கள் கொட்டானைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அவள் அதில் வெங்காயம் போட்டுவைப்பாள்.

நான் அப்போது இருபத்து மூன்று வயதுக்காரன். 1973. பாளையங்கோட்டையில் படிப்பு முடிந்திருந்தது, கோயிலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலத்தில் கரமசோவ் சகோதரர்களைப் படித்து முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்துக் கிடைக்கிற சொர்க்கம் வேண்டாம் என்று இவான் சொல்கிற இடம் என்னை ஆட்டி வைத்திருந்தது. இன்று யோசிக்கையில் என் முட்டாள்தனத்துக்கு எல்லையே இல்லை என்று தோன்றுகிறது. ருஷ்யாவில் இவான் கேட்ட கேள்வியை, தேரிக்காட்டில் ஒரு விடிலி வாசலில், பாகு கிண்டிக்கொண்டிருந்த அறுபது வயசுக் கிழவியிடம் கொண்டுபோய்க் கேட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், ஆனாலும் கேட்டேன். 'ஆச்சி, சித்தப்பா காய்ச்சலா கெடந்தப்போவும் பிடியரிசி எடுத்தியா?'

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிபிடித்துவிடும். பாகு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து, என் கேள்வியை அவள் கேட்கவில்லையோ என்று நான் நினைக்க ஆரம்பித்த பிறகு, சொன்னாள்: 'எங் கை சின்னக் கைதாம்ல.'

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிரட்டைகளை அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன்.

அவள் கை சின்னக் கை அல்ல என்பதை முன்பே சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை ஐம்பது வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய்யா? அப்பட்டமான பொய், கண் முன்னால் கையை வைத்துக்கொண்டு சொல்வாளா? அந்த நாட்களில் பிடியைச் சுருக்கி எடுத்தாள் என்று ஒப்புக்கொண்டாளா? அதாவது மகனுக்காகக் கர்த்தரிடம் திருடினேன் என்றா? அல்லது, அந்தக் கையால் அள்ளிக் கொடுத்து யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது, கோயிலையும் சரி பிள்ளையையும் சரி என்றா? என் நண்பர்கள் சிலர் ஒரு கவிதையின் ஒற்றை வரிக்கு எட்டு அர்த்தம் காண்பதைக் கேலி செய்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு முன்னால் எனக்கு அந்தக் கேலி வருவதில்லை.

கணக்குப் போட்டும் பார்த்தேன். பலசரக்குக் கடைத் தராசில் என் கைப்பிடி அரிசியை நிறுத்தேன். ஐம்பது கிராம் சுமாராக வந்தது. அவளுடைய கை என்னுடையதைவிடச் சிறியதல்ல. ஒரு நாளைக்கு ஒரு பிடி என்றால் வாரத்துக்கு முந்நூற்றைம்பது கிராம். இவ்வளவு அற்பமான அளவால் ஒரு பிள்ளை செத்திருக்காது என்று அத்தையிடம் நிரூபிப்பதுதான் என் உத்தேசம். பாதியிலேயே கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. நாலு வயதுப் பிள்ளைக்கு முந்நூற்றைம்பது கிராம் என்பது கிட்டத்தட்ட மூன்று நாள் சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள். இருந்தாலும் காய்ச்சல் என்றுதானே எழுதியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'நீ அன்னைக்குப் பெறக்கலல்லா' என்றாள். விஷயம் அதோடு முடிந்தது.

குடும்பத்துக்கு அவள் செய்ததை வரிசையாக எழுதப்போவதில்லை. எல்லா வீட்டுக் கிழவிகளும் செய்ததுதான். 1951இல் தாத்தா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு இருபது வருஷம் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள், பாட்டத்துக்கு ஆள்விட்டுப் பனையேற்றிக் காய்ச்சிப் பிழைப்பு நடத்தினாள், அப்பாவை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினாள். கோயிலுக்குச் செய்ததும் அப்படித்தான். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பெருக்குவாள். அசனப் பண்டிகைக்கு மலைபோலக் குவிந்த சின்ன வெங்காயத்தை உரிக்கிற பெண்களில் முதல் ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுவாள். கோயில் கமிட்டியில் அவளை யாரும் சேர்த்ததில்லை. அதில் அவள் குறைப்பட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

அவளுக்கு எழுத்து தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. மணலில் விரலால் எழுதிப் படித்தது. அதற்குப் பிறகு அறுபத்தைந்து வருஷம் ஒரே புத்தகம். பவர் ஐயர் முன்னின்று திருத்தி 1871இல் முழுசாக வெளிவந்த வேதாகமம். தனித்தமிழ் நண்பர்கள் அந்த மொழிபெயர்ப்பின் பெயரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். வஸ்திரம், போஜனம், ஸ்திரீ, சமுத்திரம். ஆனால் அந்தச் சொற்கள் தேரிக்காட்டில் படித்தவர்களின் சொற்களாக இருக்கவில்லை. விடிலியில் புழங்கின. 'விசாரப்படாதல' என்பாள் ஆச்சி. கவலைப்படாதே என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. 1995இல் பொதுமொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபோது ஒரு பிரதி வாங்கி, அவளுக்குப் பழக்கமான சங்கீதங்களைப் புரட்டிப் பார்த்தேன். தமிழ் நன்றாகத்தான் இருந்தது. நல்லவேளை, ஆச்சி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். என் உரைநடையில் வேத வாசனை அடிக்கிறது என்று இந்த வட்டத்திலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கட்டும்.

கடைசி வருஷத்தில் இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த வருஷம் விடுமுறைகளில் நான்தான் அவளுக்கு வாசித்தேன். எனக்கு விசுவாசம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பேன். பழைய ஏற்பாட்டின் கவித்துவத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதும் உத்தேசம் வேறு எனக்கு அப்போது இருந்தது. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உணர்ச்சியோடு வாசித்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கையை உயர்த்தி நிறுத்தினாள். 'அழகாப் படிக்காதல. சும்மா படி.'

சும்மா படிக்க எனக்கு வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. தொண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிற என் குரலை இறக்கிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் சொல்வது அத்தனை சுலபமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கட்டுரையை எழுதவில்லை.

ஒரு நாள் யோபுவின் புத்தகத்தை வாசிக்கச் சொன்னாள். பிள்ளைகள் செத்துப்போகிற முதல் அதிகாரம். வாசித்தேன், சும்மா. பிறகு கடைசி அதிகாரம் வாசி என்றாள். யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கிற இடம். ஆடுகள், ஒட்டகங்கள், ஏர்மாடுகள் எல்லாம் இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் முன்பிருந்த அதே எண்ணிக்கை. அந்த இடம் வந்ததும் 'போதும்' என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வியாக்கியானக்காரர்கள் அந்த எண்ணிக்கைக்கு என்னென்னவோ விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவள் எந்த விளக்கத்தையும் என்னிடம் கேட்கவில்லை. அத்தை அப்போது அடுக்களையில் இருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும்.

படுக்கையில் விழும் வரைக்கும் அரிசி களைவது ஆச்சியின் வேலையாகவே இருந்தது. படுத்த பிறகு, சாயங்காலம் அரிசி அளந்ததும் என் அம்மா உழக்கோடு வந்து கட்டில் பக்கத்தில் நிற்பாள். ஆச்சி தடவித் தடவிக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துக் கொட்டானில் போடுவாள். கடைசி நாட்களில் விரல்கள் முழுசாக மூடவில்லை. பாதி வழியில் சிந்தும். அம்மா பொறுக்கிப் போடுவாள். அத்தை வந்திருக்கும் நாட்களில் அந்த நேரத்துக்குப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

புதன்கிழமை இறந்தாள். வியாழன் அடக்கம். மழைக்காலமானதால் கல்லறைத் தோட்டத்தில் குழி ஊறி, மணல் சரிந்துகொண்டே இருந்தது. நாலு வயதுப் பையனைப் புதைத்த இடம் எதுவென்று அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வேலியோரம் என்றார். அத்தைதான் போய் நின்று காட்டினாள், அங்கே கல் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இடமும் இல்லை. ஆச்சியைத் தாத்தாவின் அருகில் வைத்தோம். அப்போதுதான் ஐயர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அந்த வாரத்துக் கொட்டானில் ஞாயிறு முதல் செவ்வாய் வரை அவள் போட்டிருந்த அரிசி இருந்தது. என்ன செய்வதென்று அம்மா கேட்டாள். கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்றார் அப்பா. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். ஆராதனைக்கு உள்ளே போகவில்லை, வேப்ப மரத்தடியில் நின்றேன். முடிந்ததும் ஏலம். எல்லாக் கொட்டான்களையும் போலச் சாக்கின் மேல் அதையும் கவிழ்த்தார்கள். ஒரு கணம் தனியாகத் தெரிந்தது. பிறகு உபதேசியார் கையால் பரத்திக் கலந்துவிட்டார். ஏலம் கேட்க நாலைந்து பேர் நின்றார்கள், இல்லாதவர்கள். அவர்களோடு போட்டி போட்டு நான் விலையேற்றினேன். நான் செய்ததிலேயே அசிங்கமான காரியம் அது என்று அப்போதே தெரிந்திருந்தது. சந்தை விலைக்கு மேலே போய்விட்டது. அவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருவர், துக்க வீட்டுக்காரன் என்பதால், போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அம்மா அதை மத்தியானம் வடித்தாள். ஊருக்குக் கிளம்பாமல் மிச்சமிருந்த உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எப்போதும் போலத்தான் வெந்திருந்தது. பாதி குழைவு, பாதி விதை. அத்தையை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பசியில்லை என்றாள். பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்தாள்.